மேடையை விட்டு வீட்டுக்குப் போன பாடகர்: ஆரிக் ஐன்ஸ்டைன்

வாசகர் ஒருவர் எழுதியது, ஜனவரி 9

கச்சேரி பண்ணாத பாடகனுக்கு ஆயுசு இரண்டு வருடம்தான். குரல் இருக்கலாம், பழைய பாட்டு இருக்கலாம், ஆள் கண்ணில் படவில்லை என்றால் ஜனங்கள் அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதற்கு மாறாக ஒரே ஒருவரை, எந்த மொழியிலாவது, யாராவது காட்டுங்கள் பார்க்கலாம்.

ஜனவரி 9, இரவு 10.40

நான் காட்டுகிறேன். இஸ்ரேலில் எபிரேய மொழியில் பாடியவர், பெயர் ஆரிக் ஐன்ஸ்டைன். 1939 ஜனவரி 3ஆம் தேதி டெல் அவிவில் பிறந்து 2013 நவம்பர் 26ஆம் தேதி அதே ஊரில் இறந்தார். நடுவில் ஐந்நூறு பாட்டுக்கு மேல் பதிவு செய்தார். 1980களின் தொடக்கத்தில் ஒரு கார் விபத்து, அதோடு மேடையை விட்டார். அதற்கப்புறம் சாகும்வரை முப்பது வருடம், டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரி என்று ஒன்றுகூடக் கிடையாது. பாட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவர் இறந்த மறுநாள் டெல் அவிவின் பெரிய சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள், அதில் பாதிப் பேர் அவர் மேடையில் நின்று பாடிப் பார்த்தே இருக்க முடியாத வயதுக்காரர்கள். நானும் அங்கே நின்றிருந்தேன். மூன்று வருடம் டெல் அவிவுக்குத் தெற்கே ரெஹோவோத் என்ற ஊரில் ஆராய்ச்சி வேலை பார்த்தேன், அதனால் தெரியும்.

ஜனவரி 9, இரவு 11.05

விஞ்ஞானி ஐன்ஸ்டைனுக்கு உறவா என்று கேட்டவருக்கு: இல்லை, அவருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. குடும்பப் பெயர்தான் ஒன்று. இவருடைய அப்பா யாகோவ் ஐன்ஸ்டைன் நாடக நடிகர், ஓஹேல் என்ற நாடகக் குழுவில் இருந்தவர். அந்த ஓஹேலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பாட்டுக்காகத் தேவைப்படும்.

ஜனவரி 10

எப்படி அறிமுகமானார் என்று கேட்டிருக்கிறீர்கள். தேடிப் போய்க் கேட்கவில்லை. ரெஹோவோத்திலிருந்து டெல் அவிவுக்கு ஷெரூத் என்கிற ஷேர் வேனில் போவேன், பத்துப் பேர் உட்காரலாம், காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்தால் கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். அந்த வேனில் ரேடியோ ஓடாத நேரமே கிடையாது. செய்தி, பாட்டு, மறுபடி செய்தி. அந்த நாட்டில் செய்தி ஒலிபரப்பு ஆரம்பிக்கும்போது வேனுக்குள் ஒரு அமைதி விழும், முடிந்ததும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். அப்படி மூச்சு விடுகிற நேரத்தில் அடிக்கடி ஒரே குரல் வந்தது. ஆண் குரல், அடித்தொண்டையில், அவசரமே இல்லாமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. உச்சஸ்தாயிக்குப் போய்க் கைதட்டல் வாங்கும் முயற்சி எதுவும் இல்லை. மொழி புரியாத எனக்கே, இந்த ஆள் யாரையும் எதற்கும் வற்புறுத்தவில்லை என்பது புரிந்தது.

எனக்கு வீடு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவிடம் அதை ஒருநாள் முனகிக் காட்டினேன். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும், ருமேனியாவிலிருந்து சிறு பெண்ணாக வந்தவர். இரண்டு வரி முனகுவதற்குள் "ஆரிக்" என்றார். குடும்பப் பெயரைச் சொல்லவே இல்லை. அப்புறம் தெரிந்தது, அங்கே யாருமே சொல்வதில்லை. ஆரிக் என்று சொன்னால் போதும், சொந்தச் சித்தப்பாவைச் சொல்வதைப் போல.

அவர்தான் எனக்கு முதலில் அர்த்தம் சொல்லிக் கொடுத்த பாட்டு, வீட்டில் இருப்பது பிடிக்கும் என்ற பொருள் தருகிற ஓஹேவ் லிஹ்யோத் பபாயித். 1986இல் வந்தது. எலுமிச்சை போட்ட தேநீர், பழைய புத்தகங்கள், அதே பழக்கங்கள், அதே காதலி, இவை போதும் என்கிற பாட்டு. மேடையை விட்ட மனிதன் நாலைந்து வருடம் கழித்து ஏன் விட்டேன் என்று பேட்டி கொடுக்காமல் இப்படி ஒரு பாட்டாகச் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து நானும் தேநீரில் பாலுக்குப் பதில் எலுமிச்சை பிழியக் கற்றுக்கொண்டேன், இன்றுவரை மாறவில்லை.

ஜனவரி 11

இளமைக் காலம் பற்றி. பாடகராக வேண்டும் என்று திட்டம் போட்டவர் இல்லை. நெடுநெடுவென்று உயரம், உயரம் தாண்டுதலில் இளையோர் சாம்பியன், குண்டெறிதலும் உண்டு, ஹபோயேல் டெல் அவிவ் கழகத்தில் கூடைப்பந்து ஆடினார். அந்தக் கழகத்தின் மீது கடைசிவரை உயிர்.

அங்கே பதினெட்டு வயதில் கட்டாய ராணுவ சேவை. ராணுவத்துக்குள்ளேயே பாட்டும் கூத்துமாகப் படையினரிடம் போய்வரும் குழுக்கள் இருந்தன. அவற்றில் பேர் பெற்றது நஹால் குழு. அதற்குத் தேர்வுக்குப் போ என்று தள்ளிவிட்டவர் அப்பாதான். மகன் விளையாட்டு மைதானத்தில் இருக்கவே விரும்பினான், நடிகரான அப்பாவுக்குக் காது வேறு ஏதோ சொல்லியிருக்கிறது. 1957இல் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இஸ்ரேலிய மெல்லிசையின் பள்ளிக்கூடமே இந்த ராணுவக் குழுக்கள்தான். 50களிலும் 60களிலும் பேர் வாங்கிய பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள்.

வெளியே வந்ததும் நாடகக் குழுக்கள், அப்புறம் 1964இல் யார்கோன் பாலம் மூவர் என்ற பாட்டுக் குழு. யார்கோன் என்பது டெல் அவிவ் வழியாக ஓடும் ஆறு. யெஹோராம் காவோன், பென்னி அம்துர்ஸ்கி, இவர். காவோன் தனியாகப் போனதும் அந்த இடத்துக்கு இஸ்ரேல் குரியோன் வந்தார். அதே 1964இல் எஃப்ரைம் கிஷோன் எடுத்த சலாஹ் ஷபாத்தி படத்திலும் நடித்தார், ஆஸ்கார் பரிந்துரை வரை போன படம். ஆக, 25 வயதுக்குள் மேடை, சினிமா, ரேடியோ எல்லாமே அவரைத் தேடி வந்துவிட்டன. எதுவும் கிடைக்காமல் ஒதுங்கியவர் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஜனவரி 12, காலை

ஒரு திருத்தம். முதல் குறிப்பில் விபத்தோடு மேடையை விட்டார் என்று எழுதிவிட்டேன். அது தப்பு, நேற்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. 1982இல் மோசமான கார் விபத்து நடந்தது நிஜம், அவர் பலமாகக் காயப்பட்டதும் நிஜம். மேடை அதற்கு முன்பே அவருக்குச் சுமையாகத்தான் இருந்தது. கூட்டத்தின் முன்னால் நிற்பது அவருக்கு ஒருநாளும் சுகமாக இல்லை, அதை அவர் மறைத்ததும் இல்லை. விபத்து ஒரு கதவைச் சாத்தியது என்று வேண்டுமானால் சொல்லலாம், அந்தக் கதவு ஏற்கெனவே முக்கால்வாசி மூடித்தான் கிடந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், விபத்து என்று ஒரு காரணம் கிடைத்தால் கேட்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கிறது. பாவம், முடியவில்லை, அதனால் நிறுத்தினார் என்று முடித்துவிடலாம். அவருக்கு வேண்டாம் என்று தோன்றியது, அதனால் நிறுத்தினார். இதுதான் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஜனவரி 12, மாலை

"கூச்சம் உள்ளவர் எப்படி அதற்கு முன்னால் இருபது வருடம் மேடையில் நின்றார்" என்ற கேள்விக்கு: நின்றார், கஷ்டப்பட்டு நின்றார். பல்வலியோடு கல்யாண வேலை பார்க்கிறவர்கள் இல்லையா.

ஜனவரி 14

அவர் கையில் வாத்தியம் கிடையாது. கிட்டார் மாட்டிக்கொண்டு தானே எழுதித் தானே மெட்டமைத்துப் பாடும் ரகம் இல்லை. வார்த்தை எழுதுவார், நிறைய எழுதினார். மெட்டுக்கு எப்போதும் இன்னொருவர் வேண்டும். இந்தக் குறைதான் அவரை ஐம்பது வருடம் ஓட்டியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் பத்து வருடத்துக்கு ஒருமுறை எதிரில் உட்காருகிற ஆள் மாற, பாட்டும் மாறிக்கொண்டே வந்தது.

60களின் நடுவில் ஷ்முலிக் க்ராவ்ஸ், ஜோஸி கட்ஸ் இருவரோடு உயர்ந்த ஜன்னல்கள் என்று பொருள்படும் ஹஹலோனோத் ஹக்வோஹிம். ஒரே ஒரு இசைத்தட்டுதான் போட்டார்கள், 1967இல். அதுவரை கூட்டமாகக் கோரஸ் பாடிய நாட்டில் மூன்று குரல்கள் நவீனமாகப் பின்னிப் பாடியதை அதற்கு முன் கேட்டதில்லை என்பார் வீட்டுக்காரம்மா. அடுத்தது ஷலோம் ஹனோக், மிஷ்மரோத் என்ற கிப்புத்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில் வளர்ந்தவர், ஆரிக்கைவிட ஏழு வயது சிறியவர். 1969இல் சர்ச்சில்ஸ் என்ற ராக் குழுவைச் சேர்த்துக்கொண்டு பூஸி என்ற இசைத்தட்டு. எபிரேயத்தில் ராக் அங்கேதான் ஆரம்பித்தது என்று பலரும் சொல்வார்கள். 1970இல் ஹனோக்கோடு ஷப்லூல், அதாவது நத்தை.

கவனியுங்கள், முப்பது வயதில், ஏற்கெனவே புகழ் உள்ள ஆள், இருபத்து மூன்று வயதுப் பையனிடம் போய் நீ மெட்டுப் போடு நான் பாடுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். பிறகு சர்ச்சில்ஸில் பேஸ் வாசித்த மிக்கி கவ்ரியேலோவ். பிறகு ஷெம் தோவ் லேவி, யோனி ரெக்தர், இத்ஸ்ஹாக் கிளெப்தர். கடைசிக் காலத்தில் மகன் வயதுள்ள கய் புகாத்தி. எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள், அல்லது இவர் ஸ்டுடியோவுக்குப் போவார், வேலை நடக்கும்.

கவ்ரியேலோவோடு 1971இல் செய்த பாட்டு அனி வெஅதா, நானும் நீயும். நாம் இருவரும் உலகத்தை மாற்றுவோம், மற்றவர்கள் அப்புறம் வந்து சேர்ந்துகொள்வார்கள், இதை நமக்கு முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள், பரவாயில்லை என்கிற பாட்டு. அந்தப் பரவாயில்லைதான் ஆரிக். புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்ற தோரணை கிடையாது. பள்ளிக்கூடம் முடிகிற விழாவில் பிள்ளைகள் அதைப் பாடக் கேட்டிருக்கிறேன், மெட்டு அவ்வளவு எளிது, எனக்கே முதல் முறையிலேயே வந்துவிட்டது.

ஜனவரி 15

பாட்டு மட்டும் இல்லை என்று சொல்ல மறந்தேன். லூல் என்று, கோழிக்கூடு என்று அர்த்தம், ஒரு தொலைக்காட்சித் தொடர். 1970 தொடங்கி மொத்தமே நாலு பாகம். ஊரி ஸோஹர், ஸ்வி ஷிஸெல், போவாஸ் தவித்ஸோன், இவர். நாட்டுக்குப் பொதுத் தொலைக்காட்சி வந்ததே 1968இல், இருந்தது ஒரே சேனல், அதனால் பார்க்காதவர் இல்லை.

அதில் ஒரு காட்சி. கடற்கரையில் கப்பலிலிருந்து ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். ஆரிக்கும் ஸோஹருமே ஒவ்வொரு முறையும் வேறு வேறு வேஷத்தில். ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள் மண்ணை முத்தமிடுகிறார்கள், ஏற்கெனவே அங்கே இருந்த அரபுக்காரர்கள் பார்த்து முகம் சுளித்து, இவர்களைக் கொண்டுவந்த கப்பல் நாசமாய்ப் போக என்று அரபியில் சபிக்கிறார்கள். அடுத்த கப்பலில் போலந்துக்காரர்கள். இப்போது ரஷ்யாக்காரர்கள் கரையில் நின்று அதே சாபத்தைக் கொடுக்கிறார்கள். இப்படியே யேமன், ஜெர்மனி, மொராக்கோ, ஜார்ஜியா என்று கப்பல் வந்துகொண்டே இருக்கும், நேற்று சாபம் வாங்கியவர் இன்று கொடுப்பார். வீட்டுக்காரம்மா இதைக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு பார்த்துவிட்டு, "எங்கள் கப்பலுக்கும் விழுந்தது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 16

எபிரேயத்துக்கும் தமிழுக்கும் ஏதாவது ஒட்டு உண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்ல ஆசை. பைபிளில் சாலமோன் ராஜாவுக்குக் கப்பலில் வந்த பொருள்களில் துக்கியீம் என்று ஒன்று வரும். மயில் என்று மொழிபெயர்ப்பார்கள். அது நம்முடைய தோகையிலிருந்து போன சொல் என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. தோகை அங்கே போய்ச் சேர்ந்து கிளியாகிவிட்டது. சரி, ஆரிக்குக்கு வருவோம்.

ஜனவரி 18

ஊரி ஸோஹர் என்ற பெயர் மேலே வந்தது. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். நடிகர், இயக்குநர், நாட்டையே சிரிக்க வைத்தவர், ஆரிக்கின் உயிர் நண்பர். 1972இல் இருவரும் சேர்ந்து நடித்த மெத்ஸித்ஸீம், ஸோஹர் இயக்கியது, டெல் அவிவ் கடற்கரையில் வெட்டியாகத் திரியும் ஆட்களின் கதை. வந்தபோது ஓடவில்லை. பிறகு பல வருடம் கழித்து இளைஞர்கள் கொண்டாட ஆரம்பித்து, இன்று அந்தக் கடற்கரைக்கே படத்தின் பெயர்.

70களின் பிற்பாதியில் ஸோஹர் தீவிர மத வாழ்க்கைக்குத் திரும்பினார். சினிமாவை விட்டார், தாடி வளர்த்தார், ரப்பி, அதாவது யூத மதகுரு ஆனார். ஆரிக்கின் முதல் மனைவி அலோனாவும் அதே பாதைக்குப் போனார். அலோனாவுக்குப் பிறந்த ஆரிக்கின் இரண்டு மகள்களும் மதப்பற்றோடு வளர்ந்து, ஸோஹரின் இரண்டு மகன்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதாவது நண்பர்கள் சம்பந்திகளானார்கள், அதுவும் இரண்டு தடவை. ஆரிக் மட்டும் இந்தப் பக்கமே இருந்துவிட்டார், மதத்துக்குள் போகவில்லை.

யோசித்துப் பாருங்கள். கூட இருந்து கூத்தடித்த நண்பன், மனைவி, பெண்கள் எல்லோரும் ஒரு ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டார்கள். இவர் சண்டை போட்டு உறவை முறிக்கவில்லை, பின்னாலேயும் போகவில்லை. நண்பன் மாறிப்போனதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார், 1980இல் வந்த மூக்குக்கண்ணாடியை ஆயுதமாகக் கொண்டவன் என்பது போன்ற பெயருள்ள தொகுப்பில் இருக்கிறது. அதில் கோபம் இல்லை, குழப்பம் இருக்கிறது, பாசம் இருக்கிறது. ஸோஹர் 2022இல் இறந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் ஆரிக்கின் இறுதிச் சடங்குக்கு அவர் வந்திருந்தார்.

வீட்டில் இருப்பது பிடிக்கும் என்கிற பாட்டை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டேன். முன்பு வெறும் சுகமாகத் தெரிந்தது. இப்போது ஒரு வீடு கலைந்து போய், இரண்டாவது முறை ஸீமா எலியாஹுவோடு வீடு கட்டிக்கொண்ட மனிதனின் குரலாகக் கேட்கிறது.

ஜனவரி 19

இரண்டு நாளாக ஒன்று என்னை அரிக்கிறது. ஆரிக்கைப் பற்றி நான் எழுதியதெல்லாம் சரி, ஆனால் ஒரு பக்கம்தான்.

எங்கள் ஆய்வகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் ஒருவர் இருந்தார், ரெஹோவோத்திலேயே ஷாராயிம் என்ற யேமன் யூதர் பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். நான் ஆரிக் புராணம் பாடும்போதெல்லாம் பொறுமையாகக் கேட்பார். ஒருநாள் சொன்னார்: "நல்ல பாடகர்தான். அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், ரேடியோ அவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். எங்கள் ஆட்களுக்கு அது நடக்கவில்லை." அதோடு ஸோஹர் அர்கோவ் என்ற பெயரைச் சொன்னார். மேலே வந்த ஊரி ஸோஹர் வேறு, இவர் வேறு.

ஸோஹர் அர்கோவ் 1955இல் ரிஷோன் லெஸியோனில் ஏழை யேமன் குடும்பத்தில் பிறந்தவர். அவர் பாடியது, யேமன் போன்ற நாடுகளிலிருந்து வந்த யூதர்களின் இசை, கிழக்கத்திய பாணி என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. அந்தப் பாட்டுகள் ரேடியோவில் எப்போதாவதுதான் வரும், அதற்கென்று ஒதுக்கிய நேரத்தில். மற்றபடி கேசட்டாக டெல் அவிவ் மத்திய பஸ் நிலையத்துக் கடைகளில் விற்கும். 1982இல் அவர் பாடிய என் தோட்டத்துப் பூ என்கிற பாட்டு அந்தத் தடுப்பை உடைத்து நாடு முழுக்கப் போனது. கல்யாண வீடு, கிளப் என்று ராத்திரி ராத்திரியாகப் பாடினார். போதைப் பழக்கம் பிடித்தது. 1987 நவம்பரில் போலீஸ் காவலில் இருந்தபோது இறந்துபோனார். வயது 32.

1982, ஆரிக்குக்கு விபத்து நடந்த வருடம், மேடை இல்லாமலே பாடகராக இருக்கலாம் என்று ஆன காலம். அதே வருடம்தான் அர்கோவுக்கு மேடை கிடைத்தது. 1987, ஆரிக் கவ்ரியேலோவோடு சேர்ந்து மிகவும் பிரியப்பட்ட பாட்டுகளில் ஒன்றை வெளியிட்ட வருடம். அர்கோவுக்கு அதுதான் கடைசி.

கச்சேரி வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு பாடகனுக்குக் குணம் மட்டும் போதாது, பின்னால் தாங்கிப் பிடிக்க ஒரு ரேடியோவும் வேண்டும். முதல் நாள் "நான் காட்டுகிறேன்" என்று எழுதியபோது இதை யோசிக்கவில்லை. கேள்வி கேட்டவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது: நீங்கள் சொன்னது ஆரிக் விஷயத்தில் தப்பு, அர்கோவ் விஷயத்தில் அவ்வளவு தப்பில்லை. அவர் கச்சேரியை நிறுத்தியிருந்தால் சோறு நின்றிருக்கும்.

ஜனவரி 20

ஆரிக் மீது பழி போடுகிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். போடவில்லை. கதவு தனக்குத் திறந்திருந்தது என்பதற்காக ஒருவர் உள்ளே வராமல் இருக்க முடியுமா. மற்றவருக்கு அது மூடியிருந்ததையும் சேர்த்து எழுதினேன், அவ்வளவுதான். அந்த டெக்னீஷியன்கூட ஆரிக்கின் குழந்தைப் பாட்டுகளைத் தன் மகளுக்குப் போட்டுக் காட்டியவர்தான்.

ஜனவரி 23

ஓஹேல் நாடகக் குழுவை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காக.

அந்தக் குழுவில் அப்பா யாகோவோடு நடித்தவர்களில் ஒருவர் அவ்ரஹாம் ஹல்ஃபி. நடிகர், கூடவே கவிஞர். சத்தமில்லாத, தனிமையான கவிதைகள். ஆரிக் சிறு பையனாக இருக்கும்போதே அறிந்த மனிதர். அவருடைய ஒரு கவிதைக்கு யோனி ரெக்தர் 70களின் நடுவில் மெட்டமைக்க, ஆரிக் பாடியது ஆத்தூர் மித்ஸ்ஹேக். உன் நெற்றி கறுப்புத் தங்கத்தால் அழகு பெற்றிருக்கிறது என்று தொடங்கும். ரெக்தர் அப்போது இருபதுகளில் இருந்த பியானோக்காரர், கவேரெத் குழுவில் வாசித்தவர்.

ஒரு நூறு தடவை கேட்டிருப்பேன். பியானோவில் ஆரம்பித்து, ஆரிக் அந்த முதல் வரியை எடுக்கும்போது குரலில் காதலனின் துடிப்பு எதுவும் இருக்காது. அறையின் ஓரத்தில் நின்று ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள், அவளிடம் போய்ப் பேசுவதாகவே எண்ணமில்லாதவர். கவிதையும் அப்படித்தான், கவிஞர் அவளுக்கு யார் அமைந்தாலும் அவனுடைய வாழ்வு பாட்டால் நிறையும் என்கிறார், நான் என்று சொல்லவில்லை. பின்னால் யெஹூதித் ராவித்ஸ், கொரின் அலால் இருவரின் குரலும் எழுந்து, இவர் குரலைச் சுற்றி மேலே போய் இறங்கும். வார்த்தை முடிந்த பிறகும் அந்தக் குரல்கள் முடியாது. மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பாடுகிற பாட்டே இல்லை இது, ஒருவர் ஒருவருக்குப் பாடுவது. அவர் பாணி முழுக்க இதுதான், மேடையை விடுவதற்கு முன்பே அவர் மேடைக்கான பாட்டைப் பாடவில்லை.

எபிரேயத்தின் பெரிய கவிஞர் பியாலிக்கின் கவிதை ஒன்றையும் இப்படிப் பாடியிருக்கிறார், உன் சிறகுக்கடியில் என்னைச் சேர்த்துக்கொள் என்பது. மெட்டு கவ்ரியேலோவ். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து வெறுத்த கவிதையை இவர் பாடித்தான் மறுபடி பிடித்தது என்று ஆய்வகத்தில் இரண்டு பேர் சொன்னார்கள்.

ஜனவரி 26

பழைய பாட்டுகளைத் தொகுத்துப் பாடியது பற்றிக் கேட்டவருக்கு: 1973இல் தொடங்கிய வரிசை அது, பழைய நல்ல இஸ்ரேல் தேசம் என்று பெயர். ராக் பாடியவர் திரும்பிப் போய்த் தாத்தா காலத்துப் பாட்டுகளை எடுத்துப் பாடினார். எனக்கு அந்த வரிசை கொஞ்சம் இனிப்பு அதிகம். பழையதெல்லாம் நல்லதா என்று டெக்னீஷியன் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எனக்கு 1974இன் ஸா லெஆத் பாட்டுதான் அதைவிடப் பிடிக்கும். மெதுவாக ஓட்டு என்று அர்த்தம். மழை ராத்திரியில் நண்பர்களோடு காரில் போகிறார், என்னென்னவோ நினைப்பு வருகிறது, ஹபோயேல் அணியின் மோசமான நிலைமை உட்பட. இன்னும் கொஞ்ச தூரத்தில் காஸா, யாரும் கையெறிகுண்டு வீசாமல் இருந்தால் சரி என்று ஒரு வரி வந்து போகும். அப்போது அந்தச் சாலையில் அப்படிக் காரில் போக முடிந்திருக்கிறது. ஊர்ப்பேச்சு, பயம், மழை எல்லாம் ஒரே குரலில், ஒரே வேகத்தில். இன்று அந்த வரியில் வரும் ஊர்ப்பெயரைக் கேட்கும்போது பாட்டை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுகிறேன். மனசு வலிக்கிறது, இரண்டு பக்கத்துக்கும்.

பிப்ரவரி 2

அந்த நாள் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2013 நவம்பர் 26, செவ்வாய்க்கிழமை. சாயங்காலமே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், டெல் அவிவ் இகிலோவ் மருத்துவமனையில் ஆபத்தான நிலையில் இருக்கிறார் என்று. மகாதமனியில் வீக்கம் வெடித்திருந்தது. ராத்திரி போய்விட்டார், 74 வயது. கீழே வீட்டுக்காரம்மாவின் ரேடியோ நள்ளிரவு தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் அவர் பாட்டுதான்.

மறுநாள் புதன்கிழமை ரயிலேறி டெல் அவிவ் போனேன். ராபின் சதுக்கத்தில் உடலை வைத்திருந்தார்கள். 1995இல் பிரதமர் ராபின் சுடப்பட்ட அதே இடம். அந்தக் கொலைக்குப் பிறகு, அமெரிக்க அதிபர் கிளின்டன் அஞ்சலியில் சொன்ன ஷலோம் ஹவேர் என்ற இரண்டு சொல்லை, போய் வா நண்பா என்று வைத்துக்கொள்ளுங்கள், பல்லவியாக்கி ஒரு பாட்டுப் பாடியவர் இவர். பதினெட்டு வருடம் கழித்து அதே சதுக்கத்தில் ஜனங்கள் இவருக்கு அதைச் சொன்னார்கள்.

எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் ஹபோயேலின் சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிய ஒரு இளைஞன், இருபது வயதிருக்கும், அவன் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே இவர் மேடையை விட்டிருப்பார். மெல்லப் பாடிக்கொண்டிருந்தான், அடக்கிய குரலில். சுற்றிலும் பலர் அப்படித்தான். யாரும் உரக்கப் பாடவில்லை, அந்தப் பாட்டுகளை உரக்கப் பாட வராது.

அன்று சாயங்காலம் ஹனுக்கா என்ற யூத விளக்குப் பண்டிகையின் முதல் விளக்கு. திரும்பும்போது பேக்கரி வாசல்களில் ஜாம் வைத்துப் பொரித்த ஸுஃப்கனியோத் பன்களை அடுக்கி வைத்திருந்தார்கள், வாங்குகிறவர்களும் கடைக்காரரும் ஆரிக்கைப் பற்றியே பேசினார்கள். ட்ரம்பெல்டோர் தெருவில் உள்ள பழைய இடுகாட்டில் அடக்கம். பியாலிக் இருப்பதும் அங்கேதான். நான் அதுவரை போகவில்லை, கூட்டம் விடவில்லை. வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரம்மா விளக்கேற்றி முடித்திருந்தார், எனக்கென்று ஒரு ஸுஃப்கனியா எடுத்து வைத்திருந்தார். என்னை விசாரிக்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார், எலுமிச்சை போட்டு.

பிப்ரவரி 3

திருத்தம் ஒன்று. ஜனவரி 9 குறிப்பில் கூட்டத்தில் பாதிப் பேர் இளைஞர்கள் என்ற பொருளில் எழுதியிருந்தேன். நான் எண்ணவில்லை. நான் நின்ற பக்கம் நிறைய இளைஞர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 11

முதல் நாள் கேள்வி கேட்டவர் பாட்டுகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார், "குரல் பிடித்தது, ஆனால் 1987 பாட்டு எது என்று நீங்கள் சொல்லவே இல்லை" என்று. உண்மைதான். ஊஃப் கோஸால், பறந்து போ குஞ்சே என்று அர்த்தம். வார்த்தை ஆரிக், மெட்டு கவ்ரியேலோவ். குஞ்சுகள் கூட்டை விட்டுப் போகின்றன, பெற்ற பறவை கூட்டிலேயே இருந்துகொண்டு, எங்கே வேண்டுமானாலும் பற, வானத்தில் கழுகு இருப்பதை மட்டும் மறக்காதே என்று சொல்லி அனுப்புகிறது. அங்கே பிள்ளை பதினெட்டு முடிந்து ராணுவத்துக்குக் கிளம்பும்போது வீட்டில் போடுவார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் வெளிநாட்டில். ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் மட்டும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, ரேடியோவைக் கொஞ்சம் தணித்துவிட்டுக் கேட்பார். எல்லோரும் பிடித்த பாட்டுக்குச் சத்தம் கூட்டுவார்கள், இவர் ஏன் குறைக்கிறார் என்று கேட்டேன். "பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும் இல்லையா" என்றார்.